கொட்டாய்க்குப் போகாத மூன்று மாதம்

தீர்த்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் யார் எப்போது கொட்டாய்க்குப் போனார்கள், எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்று கேட்டால், காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

கொட்டாய் என்பது வீட்டுக்குப் பின்னால், மாந்தோப்பு தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒற்றை அறை. தகரக் கூரை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் அங்கேதான் இருந்தாக வேண்டும். நான்காம் நாள் காலையில் குளித்துவிட்டு உள்ளே வரலாம். காரிமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான் அந்த ஊர். வீட்டுக்கு வீடு செல்போன் உண்டு, பைக் உண்டு. கொட்டாயும் உண்டு.

அந்தக் கொட்டாய்ப் பக்கமே மருமகள் சுகுணா மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் தீர்த்தம்மாள் அதை வைத்து மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு முடிவுக்கு வந்து, அவள் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சுகுணா அதை மறுக்காமல் நின்றாள். கல்யாணமாகி ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் நல்ல சேதி. வெள்ளிக்கிழமையே குலதெய்வக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஈரப்புடவையோடு பதினொரு சுற்று சுற்ற வைத்து, பொங்கலும் வைத்தாகிவிட்டது.

சுகுணா ஏன் வாயைத் திறக்கவில்லை? அதற்குக் காரணம் நெடுஞ்சாலை ஓரத்துச் சட்டை கம்பெனி. பயிற்சியில் தொண்ணூறு நாள் விடாமல் வந்தால்தான் பெயர் நிரந்தர லிஸ்டில் ஏறும். ஒரு நாள் விட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்று நாள் கொட்டாயில் உட்காருகிறவள் எந்தக் காலத்தில் தொண்ணூறைப் பிடிப்பது? இரண்டு முறை இருபதாவது நாள் வாக்கில் விழுந்து எழுந்தாள். மூன்றாம் முறை, யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பத்தாம் நாள் வந்தது, மறைத்தாள். முப்பத்தெட்டாம் நாள் வந்தது, மறைத்தாள். அந்த நாட்களிலும் களி கிண்டினாள், சாமி விளக்கைத் துடைத்தாள். அடுத்தது அறுபத்தாறாம் நாள் வாக்கில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுப்பிலும் தூக்கமில்லாமலும் இப்படித் தள்ளிப்போவது அவளுக்குப் புதிதில்லை என்பதால் அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. மாமியாரின் நம்பிக்கை அவளுக்கு ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. கர்ப்பிணியை யாரும் கொட்டாய்க்குப் போகச் சொல்வதில்லை. தொண்ணூறு முடிந்ததும், நாள்தான் தள்ளிப்போயிருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

இன்று எண்பத்தொன்றாவது நாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கே தீர்த்தம்மாள் அடுப்பங்கரையில் இருந்தாள்.

"வேன்ல பின்னால ஒக்காராத கண்ணு. குலுங்கும். நடு சீட்டு கேளு."

"சரிங்க அத்த."

"முருங்கக்கீர பொரிச்சி வெச்சிருக்கேன். திருப்பிக் கொண்டாந்தீன்னா பாத்துக்க."

"சாப்புட்டுறேங்க."

"இன்னும் ஒம்போது நாள்தான். அப்பறம் நீ சம்பாரிச்சது போதும்னு அன்னிக்கே சொல்லிட்டேன். மாதவராஜும் ஒத்துக்கிட்டான்."

சுகுணா தலையாட்டிக்கொண்டே குளியலறைக்குப் போனாள். இடுப்புக்குக் கீழே நள்ளிரவிலிருந்தே கடுத்துக்கொண்டிருந்தது. உள்பாவாடையில் கறையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்: வந்துவிட்டது, இன்னும் ஒன்பது நாளைக்கு இதையும் சமாளித்துவிட்டால் போதும்.

குளியலறைக் கொடியில், உலர்த்தியிருந்த ஒரு பாவாடைக்கு அடியில், பழைய சேலைத் துணிகள் இரண்டு மடிப்பாகக் கிடந்தன. கம்பெனிக்கு நாப்கின், வீட்டில் துணி. நாப்கினைப் புருஷன் மாதவராஜ்தான் காரிமங்கலம் மெடிக்கலில் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு வாங்கி வருவான். ஒரு பாக்கெட் பற்றாது. துணியை அலசி வெயிலில் போட்டால் மாமியார் கண்ணில் படும். அதனால் அவை வெயிலைப் பார்த்து மூன்று மாதம் ஆயிற்று. தினமும் குளிக்கிற தண்ணீர் தெறித்து, தொட்டால் இன்னும் ஈரம். ஒரு மாதமாக அவளுக்கு அரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வேன் நிற்கும் இடத்துக்கு அவள் போனபோது மாதவராஜின் குட்டி யானை வண்டி எதிரே வந்து நின்றது. பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய்விட்டு, காலி வண்டியோடு திரும்பியிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"ஏம்புள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"வந்துருச்சுங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

அவனுக்கு எல்லாம் தெரியும். மூன்று மாதமாக இந்தப் பொய்யில் அவனும் பாதிப் பங்காளி.

"ரொம்ப வலிக்குதா? ஒரு நாள் லீவு போடேன்."

"எண்பத்தொண்ணுல போய் போடச் சொல்றீங்களே."

அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அம்மாவ நெனச்சாத்தான் பாவமா இருக்குது. அப்பாவோட பழைய வேட்டியெல்லாந் தொவச்சிக் காயவெச்சி மடிச்சி வெக்கிறாங்க. கொழந்தைக்குத் துணி வேணுமாம். மெத்துனு இருக்குமாம்."

சுகுணாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, வேன் வந்துவிட்டது.

"ஒம்போது நாள் போவட்டுங்க. நானே அவங்க கால்ல வுழுந்து சொல்லிக்கிறேன்."

கம்பெனியில் அவளுக்கு நான்காவது லைன். காலர் வைக்கும் வேலை. காலை ஆறரைக்கு மிஷின் ஓடத் தொடங்கினால் மதியம் இரண்டரைக்குத்தான் நிற்கும். நடுவில் அரை மணி நேரம் சாப்பாடு.

டாய்லெட்டுக்குப் போக லைனுக்கு ஒரு அட்டை. நாற்பது பேருக்கும் அது ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எழுந்து போக வேண்டும். ஒருத்தி திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தால் அடுத்தவள் போகலாம். அடிக்கடி அட்டை கேட்கிறவளை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனாலேயே பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் வலி முதுகுக்கு ஏறியது. இது வழக்கமான வலி இல்லை என்று உடம்பு சொன்னது. நாள் தள்ளி வந்ததால் இப்படி இருக்கும் என்று மனசு சமாதானம் சொன்னது. சுகுணா மனசின் பேச்சைக் கேட்டாள்.

"அக்கா, அட்ட வேணும்."

லைன் சூப்பர்வைசர் காவேரி நிமிர்ந்து பார்த்தாள். பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் கடுசு.

"கவிப்பிரியா எடுத்துட்டுப் போயிருக்குது. வரட்டும். என்ன, வயித்து வலியா?"

"ஆமாக்கா."

காவேரி மேசை டிராயரைத் திறந்து, பேப்பர் மடிப்பில் இருந்த வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே உறை கிடையாது, பெயர் கிடையாது. லைனில் எல்லோரும் விழுங்குகிற மாத்திரைதான். போன இரண்டு முறையும் சுகுணாவும் விழுங்கியிருக்கிறாள். இதையும் விழுங்கினாள்.

கவிப்பிரியா வந்தாள். ஆனால் அட்டைக்கு அதற்குள் வேறு இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். சுகுணா வரிசையை மீறிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் கொடுத்திருப்பார்கள். கேட்டால் ஏன் எதற்கு என்று பேச்சு வரும். தெருவில் எல்லோருக்கும் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி போயிருக்கிறது. அவள் ஊரிலிருந்து அதே வேனில் வருகிறவர்கள் இரண்டு பேர் இந்த லைனிலேயே இருக்கிறார்கள்.

நாற்பது நிமிடம் காலர் வைத்தாள்.

அட்டை கைக்கு வந்து அவள் எழுந்தபோது நாற்காலியின் துணி ஈரமாக இருந்தது. காவேரி அதைப் பார்த்துவிட்டாள். தன் நீல ஓவர்கோட்டைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

டாய்லெட்டில் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. வலி ஒரு தரம் அவளை அப்படியே மடக்கிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கழன்று விழுந்தது. கட்டி என்று நினைத்தாள். அவ்வப்போது அப்படி வருவதுண்டு. இது பெரிதாக இருந்தது. நெற்றியில் வியர்வை கொட்ட, பையில் கொண்டு வந்த பழைய பேப்பரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி, மூடியில்லாத அந்தப் பிளாஸ்டிக் கூடையில் போட்டாள். அதில் ஏற்கெனவே இது மாதிரிப் பொட்டலங்கள் நிறையக் கிடந்தன. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து அட்டையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்தாள்.

"ஏய், ஒனக்கு ஒடம்பு வெளுத்துப் போயிருக்குது. வூட்டுக்குப் போறியா?" என்றாள் காவேரி.

"இப்பப் போனா இன்னிக்கிக் கணக்கு வராதில்லக்கா?"

"அர நாள்னா லீவுதான். நான் என்ன பண்ணட்டும் சொல்லு. அத மேல இருக்கறவங்க போட்டது."

"அப்ப இருக்கறேன்."

மணி பத்தேகால். இரண்டரை வரைக்கும் அவள் இருந்தாள். சாப்பாட்டு வேளையில் முருங்கைக்கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் போகவில்லை. தீர்த்தம்மாள் கேட்பாளே என்று பயந்து, டிபன் பாக்ஸைக் குப்பையில் கவிழ்த்தாள். இரண்டரைக்கு மிஷினை நிறுத்தி, வருகைப் பதிவில் விரலை வைத்து, எண்பத்தொன்றை முழுசாக முடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"வேன்ல வர முடியாதுங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

மாதவராஜ் வீட்டுக்கு வண்டியைத் திருப்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் நேரே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விட்டான்.

நர்ஸ் ஜானகியம்மாள் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவள். எதையும் சத்தமில்லாமல் செய்கிறவள். படுக்க வைத்து, கையைப் பிடித்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்ச?"

"முப்பத்தெட்டாவது நாளுங்க."

"என்னது?"

கம்பெனிக் கணக்கில் சொல்லிவிட்டோம் என்பது சுகுணாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. மாதவராஜ் வாசல் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேதியைச் சொன்னான். ஜானகியம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு, சிறுநீர் பரிசோதனைக்குச் சின்ன டப்பாவைக் கொடுத்தாள். பிறகு டாக்டரம்மா வந்து பார்த்தார். இருவரும் ஓரமாக நின்று பேசினார்கள். பேசி முடித்து ஜானகியம்மாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ முழுகாம இருந்தியே, ஒனக்குத் தெரியாதாம்மா?"

"இல்லீங்க. நான் இல்ல. எங்க அத்த அப்படி நெனச்சிக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

"ஆறு வாரம்மா. கலைஞ்சிருச்சி."

சுகுணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொற்கள் வேறு யாருக்கோ சொல்லப்பட்டவை மாதிரி இருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"காலைலருந்து எதாவது கட்டியா வந்துச்சா?"

வந்தது என்று அவள் தலையாட்டினாள்.

"எங்க?"

கூடை ஞாபகம் வந்தது. மூடியில்லாத அந்தக் கூடை, அதில் கிடந்த அத்தனை பொட்டலங்கள். அவற்றில் தன்னுடையது எது என்றுகூட இனித் தெரியாது. தன் கையாலேயே பேப்பரில் சுற்றிப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, போய்க் காலர் வைத்தாள். நாலு மணி நேரம் காலர் வைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். ஜானகியம்மாள் தடுக்கவில்லை. முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும், "மாத்திரை எதாவது போட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"கம்பெனில குடுத்தாங்க. பேரு தெரியாதுங்க."

"அதனாலதானா?" என்றான் மாதவராஜ், திரையை விலக்கிக்கொண்டு.

"அப்படிச் சொல்ல முடியாது தம்பி. அதனால இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது. முதல் ரெண்டு மூணு மாசத்துல காரணமே இல்லாமயும் கலையும்." அவள் சுகுணா பக்கம் திரும்பினாள். "உள்ள புண்ணும் இருக்குது. ஈரத் துணி வெச்சியா?"

"ம்."

"சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயில்ல காய வெக்கணும். யாரு பாத்தா என்ன? வெயில்லதான் கிருமி சாவும்."

யார் பார்த்தால் என்ன என்பதற்கு சுகுணாவிடம் பதில் இருந்தது. சொல்லத் தெம்பில்லை. நாளைக் காலையில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பத்து நாளைக்குப் படுத்தே இருக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

வண்டி காரிமங்கலம் தாண்டியது.

"அம்மாகிட்ட மூணு மாசக் கரு கலைஞ்சிருச்சின்னே சொல்லிரலாம்," என்றான் மாதவராஜ். "நீ மறச்சது, சமைச்சது, எதுவும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம். கலைஞ்சது நெசந்தான. பாதி நெசம்."

"ம்."

"அவங்களுக்கு இதுவே தாங்காது புள்ள."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் சொல்வது சரிதான் என்றுதான் தோன்றியது. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரி என்றுதான் தோன்றியிருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தீர்த்தம்மாள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மாதவராஜ் சொன்னான். வழியில் பேசி வைத்ததை வைத்தபடியே சொன்னான். அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் பாய் மேல் மடித்து வைத்த வெள்ளை வேட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நாந்தான்," என்றாள்.

"என்னம்மா?"

"நாந்தான் கொன்னுட்டேன். ஈரப் பொடவையோட பதினோரு சுத்து சுத்த வெச்சேனே. குளுரு எறங்கியிருக்கும். மூணு சுத்து போதும்னு பூசாரி சொன்னாரு. நான் கேக்கல. எனக்கு அவ்வளவு ஆச."

"அதெல்லாம் இல்லம்மா. டாக்டரே சொன்னாங்க, காரணமே இல்லாமயும் கலையும்னு."

"ஒனக்கென்ன தெரியும். அஞ்சு வருசமா ஒவ்வொரு மாசமும் கொட்டாய்ச் சாவிய எடுத்துக் குடுக்கறப்ப என் வயிறு எரியும். வெளிய சொல்லிக்க மாட்டேன். இந்த மூணு மாசமா சாவி எடுக்கல. ராத்திரி அந்தச் சாவியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பேன். கடசில எங்கையாலயே," என்றாள். வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுகுணா உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படுக்கச் சொல்லி மாதவராஜ் கண் காட்டினான். பேசாமல் போய்ப் படுத்திருந்தால் எல்லாம் மூடிப் போயிருக்கும். அவள் வேலை ஒன்று, அவள் மானம் ஒன்று, இரண்டும் தப்பித்திருக்கும். இந்த அம்மாள் மட்டும் சாகும்வரை ஈரப்புடவையை நினைத்துக்கொண்டிருப்பாள். அதை மட்டும் சுகுணாவால் தாங்க முடியவில்லை.

"நீங்க இல்லீங்க அத்த."

"சுகுணா, நீ போய்ப் படு," என்றான் மாதவராஜ்.

"மூணு மாசம் இல்லீங்க அத்த. ஆறு வாரந்தான். அதுக்கு முன்னால ரெண்டு மாசமும் எனக்கு வந்துச்சி. நான் கொட்டாய்க்குப் போவல. லீவு போட்டா வேலை போயிரும்னு மறச்சிட்டேன். அந்த நாள்லயுஞ் சமைச்சேன். வெளக்கத் தொட்டேன். நீங்க முழுகாம இருக்கேன்னு சொன்னப்ப நான் இல்லைன்னு நெனச்சிக்கிட்டுத்தான் சும்மா நின்னேன்."

தீர்த்தம்மாள் முகத்திலிருந்து வேட்டியை எடுத்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியது.

சாமி மாடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். விளக்கைத் தொட்டதைச் சொல்லித்தான் கேட்கப் போகிறாள் என்று சுகுணா காத்திருந்தாள். ஏச்சு வரும், கொட்டாய்க்குப் போ என்று வரும். வரட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள்.

தீர்த்தம்மாள் விரல் கணுக்களைத் தடவி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கடசியா எப்ப வந்துச்சி?"

"நாம சந்தையில ஆடு வித்த வாரங்க அத்த."

"அதுக்கப்பறம் வரல."

"வரல."

"போன வாரம் நான் ஒனக்குப் பூ வெச்சேனே. அப்ப இருந்துதா?"

சுகுணா கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இருந்துது," என்று தீர்த்தம்மாளே சொல்லிக்கொண்டாள். "நான் தெருவெல்லாஞ் சொன்னப்ப இருந்துது. கோயில்ல பூசாரிகிட்டச் சொன்னப்ப இருந்துது. நான் பொய்யி சொல்லல." அவள் குரல் உயரவே இல்லை. "ஊருக்கே தெரிஞ்சிருக்குது. பெத்தவங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியல."

மாதவராஜ் எழுந்து வெளித் தூணில் போய்ச் சாய்ந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. ஐந்து வருடத்தில் சுகுணா அவன் அழுது பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வெளிப்படலைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு முனியம்மாள் வந்து நின்றாள்.

"தீர்த்தா, இருக்கறியா? மாசமா இருக்கறவளுக்கு வாய்க்குப் புடிக்கும்னு மாங்கா போட்டுக் கொழம்பு வெச்சேன். மருமவ வந்துட்டாளா?"

தீர்த்தம்மாள் எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படலுக்குப் போனாள். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று உள்ளே கேட்கவில்லை. முனியம்மாள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனது மட்டும் தெரிந்தது.

தீர்த்தம்மாள் தூக்குப் போசியோடு உள்ளே வந்தாள். அடுப்பங்கரையிலிருந்து சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, வீட்டுத் தட்டில்தான், கொண்டு வந்து சுகுணாவின் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு."

"அவங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இன்னிக்கி ஒரு ராத்திரி அந்தக் கொழந்த ஊருக்குள்ள இருந்துட்டுப் போவட்டும். நாளைக்கிச் சொல்லிக்கறேன்."

சுகுணா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டாயைப் பற்றி மாமியார் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்கப் போகிறாளா, இல்லையா, அதுவும் தெரியவில்லை. மங்கலாகிக்கொண்டிருந்த வீட்டில் யாரும் விளக்கு ஏற்றவில்லை. தீட்டு வீட்டில் யார் ஏற்றுவது என்பதும் இப்போது ஒரு கேள்விதானே.

பாய் மேல் கிடந்த சுகுணாவின் போன் ஒலித்தது. திரையில் காவேரி அக்கா என்று இருந்தது. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு வருகிறாயா, வேனுக்குச் சொல்லட்டுமா என்று கேட்பாள். நாளை எண்பத்திரண்டு. சீட்டில் பத்து நாள் என்று எழுதியிருக்கிறது. சுகுணா போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

தீர்த்தம்மாள் குனிந்து போனை எடுத்தாள். அவளுக்குப் பெயரைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யார் என்று அவள் கேட்கவில்லை. அதை மருமகளின் மடியில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த மங்கலில் சுகுணாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்த வேலைக்குத்தான இத்தனையும். எடுத்துப் பேசு."